மறுகால் இல்லாத குளம்

எங்க தாமிரபரணிப் பக்கம் குளம் நிறைஞ்சா மிச்சத் தண்ணி மறுகால் பாஞ்சு போயிரும், கரை தப்பிச்சிரும். நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்க எண்ணுக்கு அந்த மறுகால் கிடையாது. 16 பிட்ல 32767 வரைக்கும்தான் கொள்ளும். ஒண்ணு கூட்டினா பெரும்பாலும் -32768ல போய் நிக்கும். இதுதான் இன்டிஜர் ஓவர்ஃப்ளோ.

இந்த வகைப் பிழைக்கும் நெல்லைச் சீமைக்கும் ஒரு தொடர்பு உண்டு மக்கா. பணகுடி பக்கம் மகேந்திரகிரியிலதான் பிஎஸ்எல்வியோட ரெண்டாவது அடுக்கைத் தள்ளுற விகாஸ் எஞ்சினை, தரையில கட்டிப்போட்டு எரியவிட்டுப் பார்க்குது இஸ்ரோ. 1993 செப்டம்பர் 20, முதல் பிஎஸ்எல்வி. எஞ்சின் சொதப்பல. ரெண்டாவது அடுக்கு கழன்று பிரியுறப்ப எதிர்பாராத ஒரு குலுக்கல். ராக்கெட் மூக்கை மேலும் கீழும் திருப்புற மென்பொருள் அதைச் சமாளிக்கப் பார்த்தது. கட்டளையோட அளவு உச்சவரம்பைத் தாண்டிருச்சு. தாண்டினா மட்டுமே தலைகாட்டுற நிரல்பிழை ஒண்ணு அங்க ஒளிஞ்சிருந்தது. ஐஆர்எஸ்-1இ செயற்கைக்கோள் கடலுக்குள்ள :-(

மூணு வருஷம் கழிச்சு, 1996 ஜூன் 4ல ஐரோப்பாவோட ஏரியான் 5. ஏரியான் 4ல ஒழுங்கா ஓடின நிரல்தான். புது ராக்கெட்டோட வேகத்துக்கு, 64 பிட் தசம எண் 16 பிட்டுக்குள்ள அடங்கல. கிளம்பி 40 நொடிக்குள்ள சிதறிருச்சு.

சி மொழியில நிலைமை இன்னும் மோசம். குறியுள்ள எண் நிரம்பி வழிஞ்சா என்ன ஆகும்னு மொழியின் விதியே சொல்லல. அதனால 'கூட்டினதும் குறைஞ்சிருக்கா?'ன்னு நாம எழுதுற சோதனையையே கம்பைலர் தூக்கிரலாம். கம்பைல் ஆன கோப்புல மிஞ்சுறது வெறும் கூட்டல் கட்டளை. ப்ராசஸர் ஓவர்ஃப்ளோ கொடியைத் தூக்கும், பார்க்கத்தான் ஆளிருக்காது.

அந்த ஆளை உள்ள உட்கார வெச்சவங்கள்ல ஒருத்தர் மும்பை ஐஐடியில படிச்ச விக்ரம் ஆட்வே. அவரும் டீட்ஸ், லி, ரெகர் மூணு பேரும் 2012ல வெளியிட்ட கருவி, கம்பைல் பண்றப்பவே ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு சோதனையைச் சொருகும். எஸ்க்யூலைட், பைத்தான், ஃபயர்ஃபாக்ஸ்னு பெரிய தலைகளே மாட்டிச்சு. இப்ப க்ளாங், ஜிசிசி ரெண்டுலயும் இந்த வசதி இருக்கு.

ஆனா ஒண்ணு. ஓடுறப்ப எண் வரம்பைத் தாண்டினாத்தான் அந்தக் காவல்காரன் கத்துவான். தாண்ட வைக்கிறது நம்ம வேலை. எஞ்சினைக் கட்டிப்போட்டு எரிக்கிற மாதிரி நிரலையும் எல்லைக்கு அந்தப்பக்கம் தள்ளிப் பார்க்கணும்.

1994 அக்டோபர் 15ல அடுத்த பிஎஸ்எல்வி ஜம்முன்னு சுற்றுப்பாதைக்குப் போச்சு :-)