ஹேர் பள்ளியும் ஒரு பந்தும்

காலேஜ் வீதியிலுள்ள ஹேர் பள்ளி, ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் பயின்ற பெருமை வாய்ந்தது.

அப்பள்ளிச் சிறுவன் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி, 1877-ஆம் ஆண்டில் மைதானத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் ஆடிய பந்து தன்பால் உருண்டுவர, அதனை உதைத்துத் திருப்பினான் என்பர். பின்னர்த் தோழரிடம் காசு திரட்டிப் பந்து வாங்கினான். பிரெசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் ஆட்டத்தைக் கற்பித்தார்.

வளர்ந்தபின், குயவர் மகனொருவனைச் சேர்க்க உறுப்பினர் மறுத்தமையால், தாம் கண்ட வெல்லிங்டன் கழகத்தையே அவர் கலைத்துவிட்டுச் சோவாபஜார் கழகத்தைத் தோற்றுவித்தார். அக்கழகம் 1892-இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே படையணியை 2-1 என வென்றது.

மகன் கைப்பந்தைப் பறித்துப் புத்தகத்தைத் திணித்த தந்தையருள் யானும் ஒருவன். விஞ்ஞானியரை ஈன்ற பள்ளியே வங்கத்துக்குப் பந்தாட்டத்தையும் ஈந்ததெனில், நாம் ஒன்றைத் தடுத்தல் முறையோ?