கோலகங்சார் வரியில் இடறும் டேப்

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் எழுத்தரான கிராணியின் மேசையை ஆண்டது செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவருக்கு அன்றைய கட்டத்தில் குறி விழும். மாதக் கடைசியில் அந்தக் குறிகளே சம்பளம். ஒரு குறி இடம் மாறினால் ஒருவரின் ஒரு நாள் கூலி போயிற்று. தாளில் கோடு காத்த அந்த ஒழுங்கைத் தட்டச்சுப் பொறியில் காத்தது டேப் நிறுத்தம். விசையை அழுத்தினால், தாளைச் சுமக்கும் உருளை முன்பே குறித்து வைத்த இடத்தில் போய் நிற்கும்.

கணினி முனையத்தில் அந்த நிறுத்தங்களை வைத்துத் தரும் சிறு நிரல்தான் யூனிக்ஸின் ‘டேப்ஸ்’. 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது உண்டு. பழைய நிறுத்தங்களைத் துடைக்கும். வேண்டிய இடங்களுக்கு ஒவ்வொன்றாக நகர்ந்து, ‘இங்கே நில்’ என்னும் குறியீட்டை முனையத்துக்கு அனுப்பும். 1978இல் வந்த வி.டி.100 முனையத்துக்கு அந்தக் குறியீடு எஸ்கேப்பும் ‘எச்’ எழுத்தும். நிரல் சொல்லிவிட்டுப் போய்விடும். நினைவில் வைத்திருப்பது முனையம்.

‘டேப்ஸ்’ நிரலின் தயார் அளவுகளில் ஒரு காலம் அப்படியே உறைந்திருக்கிறது. கோபால் மொழிக்கு 1, 8, 12, 16, 20, 55. ஃபோர்ட்ரானுக்கு 1, 7, 11, 15, 19, 23. ஃபோர்ட்ரான் கட்டளை ஏழாம் இடத்தில் தொடங்கியது 80 இடங்கள் கொண்ட துளையட்டையின் வழக்கம். அட்டைகள் மறைந்த பிறகும் யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரம் இந்த எண்களை விடவில்லை.

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு இந்த நிரலைக் கொண்டுபோவதுதான் கடினமாக இருந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு வகை முனையத்தின் குறியீடும் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. புது முனையம் வந்தால் நிரலைத் திறந்து திருத்த வேண்டும். 1980களில் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸோடு வந்த டெர்ம்இன்ஃபோ, முனையங்களின் இயல்புகளைத் தனித் தரவாகப் பிரித்து வைத்தது. அந்தத் தரவைக் கேட்டு நடக்கும் ‘டேப்ஸ்’ ஒன்றை என்கர்சஸ் தொகுப்புக்காக 2008இல் எழுதினார் தாமஸ் டிக்கி. லினக்ஸில் இன்று பரவலாகக் கிடைப்பது அதுதான்.

எழுத்துகளை இடம் பார்த்து நிறுத்துவதில் தமிழுக்குத் தனிச் சிக்கல் உண்டு. அது தட்டச்சுப் பொறிக் காலத்திலேயே தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியில் 1886இல் பிறந்து, 1907இல் மலாயாவுக்கு வந்து, பிறகு சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுக்கு வழி கண்டபோது நகராத விசையைக் கையாண்டார். குறியை அடித்தாலும் உருளை நகராது. அடுத்து வரும் எழுத்து அதே இடத்தில் விழும். இரண்டு அடி, ஓர் இடம்.

முனையத்தில் அந்த வேலையைச் செய்வது எழுத்தகல அட்டவணை. பல முனையங்கள் பின்பற்றிய மார்கஸ் கூனின் அட்டவணையில் புள்ளிக்கு அகலம் சுழியம். முத்தையாவின் விசை போலத்தான். ஆனால் உயிர்மெய்யில் அது தடுமாறுகிறது. ‘கீ’யின் சுழிக்கு அகலம் இல்லை, ‘கி’யின் மேல்விலங்குக்கோ ஓரிடம். ஆகவே ‘கீ’ ஓரிடம், ‘கி’ இரண்டிடம்! தமிழ் படித்த குழந்தைக்கு இரண்டும் ஒவ்வோர் எழுத்தே. யூனிகோடு முதல் குறியை இடம் அடைக்காத வகையிலும் அடுத்ததை அடைக்கும் வகையிலும் சேர்த்ததன் விளைவு இது. தமிழ் அறிந்தவர் யாருக்கும் இது பொருந்தாத பிரிவினை.

பேராக்கின் ஊர்ப்பெயர்களை வரிக்கு ஒன்றாக அடித்து, டேப் விசைக்குப் பின் ஓர் எண்ணை எழுதிப் பார்க்கலாம். கூனின் கணக்கில் ‘ஈப்போ’ நான்கு இடம், ‘தைப்பிங்’ ஆறு. எட்டு இடத்துக்கு ஒரு நிறுத்தம் என்பது முனையத்தின் வழக்கம் என்பதால், இரண்டுக்கும் எண் ஒன்பதாம் இடத்தில் நேராக நிற்கும். 1877இல் ஹியூ லோ ரப்பர் கன்றுகளை நட்ட ‘கோலகங்சார்’ சரியாக எட்டு இடம். எட்டும் நிரம்பிவிட்டதால் அதன் எண் தாவிப் பதினேழில் விழும்.

‘டேப்ஸ் 1,13’ என்று ஒரே கட்டளை கொடுத்தால் மூன்று எண்களும் பதின்மூன்றில் வந்து சேரும். இடைவெளியை எண்ணி நிரப்பும் வழி இதற்கு ஈடாகாது. பாஷ் கட்டளைச் சூழலின் ‘பிரிண்ட்எஃப்’ பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஐந்து குறிகள் கொண்ட ‘ஈப்போ’வே 15 பைட் ஆகிவிடும். பத்து இட அகலம் கேட்டவருக்கு ஓர் இடைவெளிகூடக் கிடைக்காது. டேப் அப்படி அல்ல, எழுத்து எங்கே முடிந்தது என்பதை முனையத்திடமே விட்டுவிடுகிறது.

இந்த ஒழுங்கு அந்த முனையத்தோடு நின்றுவிடும். கோப்புக்குள் போவது டேப் குறி மட்டுமே. நிறுத்தம் எங்கே என்ற செய்தி கூடவே போகாது. அதே பட்டியலை இன்னொருவர் எட்டிட வழக்கத்தில் இருக்கும் தம் திரையில் திறந்தால், கோலகங்சாரின் எண் மறுபடியும் பதினேழுக்குப் போய்விடும்.