கிளவுட்ல இருக்குன்னா பேக்கப் இருக்குன்னு அர்த்தமா?

2011 பிப்ரவரி 27, ஒரு ஞாயிற்றுக்கிழமை. உலகத்தின் பல மூலைகளில் சிலர் ஜிமெயிலைத் திறந்து பார்க்கிறார்கள், இன்பாக்ஸ் காலி. பல வருஷத்து மெயில்கள் எதுவும் இல்லை. கூகுள் சொன்ன கணக்குப்படி பாதிக்கப்பட்டது 0.02 சதவீத யூசர்கள்தான். ஆனா அந்த 0.02-ல நீங்க இருந்தா உங்களுக்கு அது நூறு சதவீதம், இல்லையா?

காரணம், ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர் அப்டேட்டில் வந்த ஒரு பக். கூகுள் ஒவ்வொரு மெயிலையும் பல டேட்டா சென்டர்களில் பல பிரதிகளாக வைத்திருந்தது. அப்படியும் அந்த பக் பல பிரதிகளைப் பாதித்துவிட்டது. கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? டேப். பழைய பாட்டு கேசட்டில் இருக்குமே, அதே வகை காந்த நாடா. அது ஆஃப்லைனில் இருந்ததால் பக் அதைத் தொடவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கோங்க: பிரதி வேற, பேக்கப் வேற. ஒரு டிஸ்க் செத்துப்போனால் பிரதி உதவும். ஆனால் நீங்கள் டெலீட் அழுத்தினால், அந்த டெலீட்டும் எல்லாப் பிரதிகளுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும். பேக்கப் என்பது நேற்றைய நிலை. இன்றைக்கு நடக்கிற எந்தத் தவறும் அதைத் தொடக் கூடாது. இந்த வித்தியாசம் ஆபீஸ்களில் எப்படி மறந்துபோச்சு, அதை யார் கையில் எடுக்கணும்? அதுதான் இன்னைக்கு எபிசோட்.

கொஞ்சம் பின்னால போவோம். 2000-களின் தொடக்கத்தில் ஒரு சின்ன கம்பெனி என்றால் மூலையில் ஒரு சர்வர் இருக்கும். மெயில், கணக்கு, ஃபைல் எல்லாம் அதுக்குள்ளதான். தனியாக ஐடி ஆள் வைக்க முடியாதவர்கள் அந்த வேலையை மாதக் கட்டணத்துக்கு ஒரு வெளி நிறுவனத்திடம் விட்டார்கள். மேனேஜ்டு சர்வீஸ் புரொவைடர், சுருக்கமாக எம்எஸ்பி. நம்ம ஊர்ல ஏஎம்சி போடுறோம்ல, அதோட பெரிய வடிவம்னு வெச்சுக்கோங்க. அவர்கள் வேலைகளில் ஒன்று பேக்கப். டேப்பை மாற்றுவது, ஒரு டேப்பை ஆபீஸுக்கு வெளியே எடுத்துப்போய் வைப்பது. யாரோ ஒருத்தர் பேர் போட்டு அந்த வேலை இருந்தது.

அப்புறம் கிளவுட் வந்தது. சேல்ஸ்ஃபோர்ஸ் 1999-லேயே ஆரம்பித்துவிட்டது. 2006-ல் கூகுள், கம்பெனிகளின் சொந்த டொமைனுக்கு ஜிமெயில் கொடுத்தது. 2011 ஜூனில் ஆபீஸ் 365. மூலையில் இருந்த சர்வர் போச்சு, அதோட டேப்பும் போச்சு. எம்எஸ்பி ஒப்பந்தத்தில் பேக்கப் என்ற வரியும் பல இடங்களில் சேர்ந்தே காணாமல் போனது. பேக்கப் வேண்டாம் என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. 'அதான் மைக்ரோசாஃப்ட் பாத்துக்குவான்ல' என்ற நம்பிக்கை மட்டும்தான்.

மைக்ரோசாஃப்ட் எதைப் பார்த்துக்கொள்கிறது? சர்வர் ஓடுவதை, டிஸ்க் செத்தாலும் சேவை நிற்காமல் இருப்பதை. நீங்கள் அழித்ததை அல்ல. ஷேர்பாயிண்டில் அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னில் 93 நாள் இருக்கும். ஒரு யூசரையே அழித்தால் திரும்ப எடுக்க 30 நாள். ஜிமெயிலில் டிராஷில் 30 நாள், அதற்குப் பிறகு அட்மின் மீட்க 25 நாள். கற்பனைக்கு ஒரு உதாரணம்: ஏப்ரலில் ஒருத்தர் ரிசைன் பண்றார். லைசென்ஸ் காசு மிச்சம்னு அவர் அக்கவுண்ட்டை அழிச்சிடறாங்க. ஆகஸ்டில் ஆடிட்டர் அவரோட ஒரு மெயிலைக் கேட்கிறார். கதை முடிஞ்சது.

இதெல்லாம் சின்ன கம்பெனிக்குத்தான் நடக்கும்னு நினைக்காதீங்க. 2020 ஆகஸ்டில் கேபிஎம்ஜி நிறுவனத்தில், ஒரே ஒரு யூசருக்காகச் செய்த ரிட்டென்ஷன் பாலிசி மாற்றம் தவறுதலாக எல்லோருக்கும் போய்விட்டது. சுமார் 1,45,000 பேரின் டீம்ஸ் சாட் அழிந்தது. மீட்க முடியவில்லை.

சரி, சேவை கொடுக்கிற கம்பெனியிடமே கேட்டால்? சேல்ஸ்ஃபோர்ஸிடம் டேட்டா மீட்கும் சேவை ஒன்று இருந்தது. கட்டணம் 10,000 டாலர், காத்திருப்பு 6 முதல் 8 வாரம். அதையும் 2020 ஜூலையில் நிறுத்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2021-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் வாடிக்கையாளருக்கு அந்தக் கடைசி வழியும் இல்லை.

தப்பு அந்தப் பக்கமே நடந்தால்? 2022 ஏப்ரல் 5, அட்லாசியன். ஒரு பழைய ஆப்பை நீக்க வேண்டிய ஸ்கிரிப்டுக்கு ஆப்பின் ஐடிக்குப் பதிலாக வாடிக்கையாளர் தளங்களின் ஐடி போய்விட்டது. 775 வாடிக்கையாளர்களின் ஜிரா, கான்ஃப்ளூயன்ஸ் மறைந்தன. அட்லாசியனிடம் பேக்கப் இருந்தது. ஆனால் பல வாடிக்கையாளர்களின் டேட்டா கலந்திருக்கும் இடத்திலிருந்து சிலருடையதை மட்டும் பிரித்து மீட்கும் வழி தயாராக இல்லை. டேட்டா பெரும்பாலும் திரும்ப வந்தது, ஆனா சிலருக்கு 14 நாள் ஆச்சு. 14 நாள் உங்க டீம் டிக்கெட்டே பார்க்காம எப்படி வேலை செய்யும்?

இந்த ஓட்டையைச் சிலர் முன்பே பார்த்துவிட்டார்கள். 2008-ல் அமெரிக்காவில் பேக்கப்பிஃபை என்ற ஸ்டார்ட்அப், கிளவுட் ஆப்களில் இருக்கும் டேட்டாவை வெளியே பேக்கப் எடுக்கும் வேலையைத் தொடங்கியது. 2014 டிசம்பரில் அதை டாட்டோ வாங்கியது. டாட்டோ எம்எஸ்பிகள் வழியாகவே விற்கிற நிறுவனம். டேப் மாற்றிய அதே கைகளுக்கு அந்த வேலை திரும்ப வந்தது என்று சொல்லலாம்.

எம்எஸ்பிதான் ஏன் இதைச் செய்யணும்? டேட்டா போனால் சின்ன கம்பெனி முதல் போன் போடுவது மைக்ரோசாஃப்டுக்கு அல்ல, அவர்களுக்குத்தான். அட்மின் பாஸ்வேர்ட் அவர்களிடம், யார் சேர்ந்தார், யார் விலகினார் என்ற தகவலும் அவர்களிடம். 'அது எங்க ஒப்பந்தத்துல இல்லையே'ன்னு அன்னைக்குச் சொன்னா, சட்டப்படி சரியா இருக்கலாம். வாடிக்கையாளர் நிற்க மாட்டார். பயமுறுத்தி இன்னொரு சந்தா விற்கிற வேலைதானே இது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுக்கு ஒரே பதில், சரியாகச் செய்வது.

சரியாக என்றால் என்ன? இரண்டு பழைய கதைகள் போதும். 2014 ஜூன்: கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கன்ட்ரோல் பேனலுக்குள் ஒரு ஹேக்கர் நுழைந்தான். டேட்டாவோடு சேர்த்து பெரும்பாலான பேக்கப்பையும் அழித்தான். சுமார் 12 மணி நேரத்தில் நடந்த வேலை, கம்பெனியே மூடியது. ஆக, பேக்கப்புக்கு வேறு இடம், வேறு சாவி. 2017 ஜனவரி 31: கிட்லேபில் ஒரு இன்ஜினியர் தவறான டேட்டாபேஸை அழித்தார். பேக்கப்பைத் தேடினால், தினசரி பேக்கப் பல நாளாக ஃபெயில் ஆகியிருக்கிறது. எச்சரிக்கை மெயிலும் வந்து சேரவில்லை. தற்செயலாக 6 மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. ஆக, அவ்வப்போது ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

உங்க ஆபீஸ்ல ஐடி பார்க்கிறவங்ககிட்ட இந்த வாரம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: 'ஆறு மாசம் முன்னாடி அழிச்ச ஒரு மெயிலை இன்னைக்கு எடுத்துத் தர முடியுமா?' முடியும்னு சொன்னா எடுத்துக் காட்டச் சொல்லுங்க. முடியாதுன்னா இந்த எபிசோட் லிங்கை அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.