குளிர்க் குழாயும் பனி என்னும் சொல்லும்

1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்ட 'டஸ்கனி' என்னும் கப்பல் நான்கு மாதம் கழித்துக் கல்கத்தாவை அடைந்தபோது, ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. அடுத்த ஆண்டே பம்பாயில் ஜம்சேட்ஜி ஜீஜீபாய் தம் விருந்தினருக்கு ஐஸ்கிரீம் பரிமாறினார். பனிக்கட்டி வணிகத்தைப் பற்றி எழுதுவோர் இவ்விரண்டையும் பெரும்பாலும் குறிப்பிடுவர். அப்பனிக்கட்டியைக் காத்த உறையை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவர். வரலாற்றின் சுவையான பகுதியே அந்த உறைதான் என்பது என் எண்ணம்.

கப்பலில் இரு பலகைச் சுவர்களுக்கிடையே திணிக்கப்பட்டது, தோல் பதனிட்டு எஞ்சிய மரப்பட்டைத் தூள். (திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்ட தமிழ் முஸ்லிம்களுக்கு இத்தகைய கழிவு புதிதாய் இருந்திராது.) ஆனால் வெப்பத்தைத் தடுப்பது தூளன்று, அதனிடையே அசையாது நிற்கும் காற்று. அக்காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், அது காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். நீர் உறைந்துவிட்டாலோ 80 மடங்கைத் தாண்டும்.

1933இல் கொலாபாவில் ரீகல் திரையரங்கு குளிரூட்டிய அரங்காகத் திறக்கப்பட்டபோது, பனிக்கட்டிக் கப்பல்களின் காலம் எப்போதோ முடிந்திருந்தது. பின்னர் குளிரைக் குழாய்கள் சுமக்கலாயின. சிக்கல் மட்டும் மாறவில்லை. மும்பையின் மழைக்காலக் காற்று 25 பாகை செல்சியஸ் அளவிலேயே நீராகப் படியத் தொடங்கிவிடும். குளிர்நீர்க் குழாயோ 7 பாகையில் இருக்கும். குளிர்நாட்டு வீட்டுச் சுவரில் ஈரம் பருவத்திற்கேற்பத் திசை மாறும், இடையில் உலரவும் செய்யும். இங்கே நீராவி ஆண்டு முழுவதும் வெளியிலிருந்து உள்நோக்கியே செல்கிறது. ஆகவே ஆவித்தடுப்பு காப்புறையின் வெளிப்புறத்தில், இடைவெளியின்றி அமைய வேண்டும். இணைப்பிலோ, குழாயைத் தாங்கும் வளையத்தடியிலோ ஒரு கீறல் இருந்தாலும் கண்ணாடி இழைக் காப்பு மெல்ல நனைந்துவிடும். பின்பு அதை உலர்த்துவது அரிது, பிரித்தெடுத்து மாற்றவே நேரும். மூடிய நுண்ணறைகள் கொண்ட நைட்ரைல் ரப்பர் இதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே.

மொழியியல் பயின்ற எனக்கு இதில் ஒன்று உறுத்துகிறது. 'குழாய் வியர்க்கிறது' என்கிறோம். ஆங்கில வழக்கும் அதுவே. வியர்வை உடலின் உள்ளிருந்து வருவது. அந்த உருவகத்தை நம்பினால் குழாயில் கசிவைத் தேடுவோம், கிழிந்த மேலுறையைப் பார்க்கமாட்டோம். தமிழிலோ 'பனி' என்பது காற்றிலிருந்து படியும் துளிக்கும் பெயர், குளிருக்கும் பெயர். பனிக்கட்டி அதிலிருந்து பிறந்தது. குளிர்ந்த குழாய்மேல் வெளிக்காற்றின் நீர் படிவதைக் குறிக்கப் 'பனித்தல்' என்னும் வினை நம்மிடம் ஏற்கெனவே உள்ளது.