பூட்டிய கதவும் நான்காம் பரிமாணமும்



கோடையில் நம் வாலிபர் குழுவினரோடு ஆரோவில் சென்றிருந்தேன். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கப்பட்ட நகரம் அது. அங்கிருந்து மரக்காணத்துக்கு வந்து உப்பளக் கரையில் இளைப்பாறினோம். பாத்திநீரில் ஒரு கொக்கு நின்றது. அப்போது ஒரு தம்பி கேட்டான்: "ஐயா, பூட்டிய அறைக்குள் வந்த நம் ஆண்டவர் நான்காம் பரிமாணத்தில் வாழ்பவரா?"

அக்கேள்விக்கு வித்திட்டவன் நானே. யோவான் 20-ஆம் அதிகாரத்துக்கு அவ்விளக்கத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் பிரசங்கித்திருந்தேன். எபேசியர் 3:18 அளவுகள் நான்கைச் சொல்வதையும் சான்றாகக் காட்டினேன். கேட்டவர்கள் வியந்தார்கள், எனக்கும் அது இனித்தது.

அவ்விளக்கம் என்னுடையதன்று. 1884-இல் எட்வின் அபட் என்னும் ஆங்கிலேயக் குருவானவர் தட்டையான உலகில் வாழும் உருவங்களின் கதையை எழுதினார். அந்தப் பாத்தியின் நீர்ப்பரப்பையே உலகமாகக் கொண்ட ஓர் உயிர், கொக்கை இரண்டு சிறு வட்டங்களாக மட்டுமே அறியும். அவை திடீரெனத் தோன்றி மறைவது அதற்கு அற்புதமாகவே தெரியும். அதற்கு முன்பே, 1877-இல், லைப்சிக் நகர வானியலாளர் சோல்னர், ஆவிகள் நான்காம் பரிமாணத்தின் வழியே கயிற்றில் முடிச்சிடுவதாக நம்பினார்.

நம் சென்னை அடையாறும் இவ்வரலாற்றில் உண்டு. பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் (இவரும் முன்னாள் ஆங்கிலிக்கன் குருவானவரே) ஞானதிருஷ்டியால் அணுவுக்குள் பார்த்ததாக 1895 முதல் எழுதினார்கள். ஹைட்ரஜனில் 18 நுண்ணணுக்கள் உள்ளன என்றார்கள். அத்திருஷ்டியை நான்காம் பரிமாணப் பார்வையோடு ஒப்பிட்டார் லெட்பீட்டர். ஆனால் ஆய்வுக்கூடம் ஹைட்ரஜனில் கண்டது ஒரு புரோட்டானையும் ஓர் எலக்ட்ரானையுமே.

இதைவிடப் பெரிய தடையை 1917-இல் பால் எரன்ஃபெஸ்ட் காட்டினார். மின்விசை நம் வெளியில் தூரத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறைகிறது. வெளிக்கு நான்கு பரிமாணங்கள் இருந்தால் அது கனத்திற்கேற்பக் குறையும். அப்போது எலக்ட்ரானுக்கு நிலையான சுற்றுப்பாதை இராது. ஒன்று மையத்தில் விழும், இல்லையேல் விலகி ஓடும். அணுவே நில்லாத இடத்தில் ஒரு உப்புக்கல்கூட உருவாகாது. கையும் கண்ணும் உடைய ஒருவர் அங்கே எப்படி வாழ்வார்?

பரிமாணங்கள் மூன்றுதான் என்று இயற்பியல் முடித்துவிடவில்லை. 1926-இல் ஆஸ்கர் கிளைன், கூடுதல் பரிமாணம் அணுவினும் மிகச் சிறிதாகச் சுருண்டிருக்கலாம் என்றார். அதில் ஒருவர் நடமாட இடமில்லை. 1998-இல் எழுந்த கருத்தோ, பரிமாணம் பெரிதாக இருக்கலாம், ஆனால் ஒளியும் நம் துகள்களும் அதற்குள் செல்லா, ஈர்ப்புவிசை மட்டுமே செல்லும் என்றது. அப்படியானால் அங்கிருக்கும் எவரும் ஒளியால் நம்மைக் காணவும் இயலாது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள பெரிய துகள் மோதுகருவியில் இதுவரை அதன் தடயமும் கிட்டவில்லை.

இவற்றைத் தம்பியிடம் சொன்னபோது அவன் முகம் வாடிற்று. "அப்படியானால் அவர் எப்படி வந்தார்?" என்றான். தெரியாது என்றேன். போதகனாக அதைச் சொல்வது எளிதாயில்லை. அபட்டுக்கு இத்துகள் கணக்குகள் தெரியாது. எனினும், பூட்டிய அறைக்குள் நுழையும் வல்லமை ஒருவரைத் தெய்வமாக்கிவிடாது என்பதை அவரே 1897-இல் எழுதினார். சுவிசேஷகரும் நுழைந்த விதத்தை விவரிக்கவில்லை. அவர் கைகளையும் விலாவையும் காண்பித்தார், பொரித்த மீனை உண்டார் என்பதையே எழுதி வைத்தார்கள்.

வருகிற ஞாயிறு அதே அதிகாரத்தை வாசிக்கிறோம். பழைய பிரசங்கக் குறிப்பைக் கிழித்துவிட்டேன். அந்தத் தம்பியை வேதபாடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.