ஐரோப்பியக் கோப்பையும் தகுதிச் சுற்றும்

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, கோடைகாலத்தில், ஐரோப்பிய நாடுகளுக்கிடையே கால்பந்துப் போட்டி ஒரு மாத காலம் நடைபெறுகிறது. அதைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். நள்ளிரவு வரை கண்விழித்துப் பார்த்தவர்களும் உங்களில் இருப்பர். இறுதியில் கோப்பையை வென்றவர் யார் என்பதை எல்லாரும் அறிவர். அந்த ஒரு மாதத்துக்கு முன்னே, பல நகரங்களில், பல மாதங்கள் தொடர்ந்து நடைபெறும் தகுதிச் சுற்றை நினைப்பவர் சிலரே. வரலாறு பயிலும் மாணவனுக்கோ விழா மண்டபத்தைவிட அதன் வாயில்தான் சுவையானது. யாரை உள்ளே விடுவது, எந்த விதியின்படி விடுவது என்னும் கேள்விக்கு 1958 முதல் ஐரோப்பியர் பலவிதமாக விடை கூறிப் பார்த்திருக்கின்றனர். ஒவ்வொரு விடையும் ஏதோ ஒரு நாட்டுக்கு வாய்ப்பாகவும் வேறொரு நாட்டுக்கு மனக்குறையாகவும் முடிந்தது.

இப்போட்டியை முதலில் கனவு கண்டவர்களுள் தலையாயவர் பிரெஞ்சுக் கால்பந்துச் சம்மேளனத்தின் காரியதரிசியாயிருந்த ஆன்றி தெலோனே. 1927-ஆம் ஆண்டிலேயே அவர் இந்த யோசனையை வெளியிட்டார். கேட்டவர்கள் தலையசைத்ததோடு சரி. 1954-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியம் தோன்றியபோது அவரே அதன் முதல் பொதுச் செயலாளரானார். மறு ஆண்டே காலமானார். கோப்பைக்கு அவர் பெயரை இட்டனர். போட்டியைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1958-இல் போட்டி அறிவிக்கப்பட்டபோது பெயர் கொடுத்த நாடுகள் 17 மட்டுமே. இங்கிலாந்து சேரவில்லை, மேற்கு ஜெர்மனி சேரவில்லை, இத்தாலியும் சேரவில்லை. பள்ளியில் விளையாட்டு விழா நடத்திப் பழகிய ஆசிரியர்க்கு இந்த 17 என்னும் எண்ணைக் கண்டாலே தலைவலி வரும். தோற்றவர் விலகிவிட வேண்டும் என்னும் முறையில் ஒவ்வொரு சுற்றிலும் பாதிப்பேர் குறைய வேண்டும். 16 என்பது 8 ஆகும், 8 என்பது 4 ஆகும். 17-ஐ என்ன செய்வது? ஒரு நாட்டை எப்படியாவது கழித்தாக வேண்டும். திருவுளச்சீட்டில் அயர்லாந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் அகப்பட்டன. 1959 ஏப்ரலில் டப்ளினில் அயர்லாந்து 2-0 என்று வென்றது. மே மாதம் பிராட்டிஸ்லாவாவில் 0-4 என்று தோற்றது. இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டிப் பார்த்தபோது அயர்லாந்து வெளியேறியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தப் பூர்வாங்க ஆட்டம் நடப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே, 1958 செப்டம்பர் 28-இல், சோவியத் ஒன்றியமும் ஹங்கேரியும் மாஸ்கோவில் அடுத்த சுற்றை ஆடத் தொடங்கிவிட்டன! முன்னுரையை நடுவில் அச்சிட்ட புத்தகம்போல் அமைந்தது அந்த முதற்போட்டி.

அப்போது இறுதிக் கட்டத்துக்கு உரியவை நான்கே நாடுகள். அவை மட்டுமே பிரான்சில் கூடும். மற்ற ஆட்டங்கள் எல்லாம், தன் நாட்டில் ஒன்றும் எதிரியின் நாட்டில் ஒன்றுமாக, இருவர் இருவராக ஆடித் தீர்க்க வேண்டியவை. ஆகவே வாயில் மிகக் குறுகலானது. அதில் ஆட்டத்திறன் ஒன்றே காவல் நிற்கவும் இல்லை. 1960-இல் கால் இறுதியில் ஸ்பெயினும் சோவியத் ஒன்றியமும் மோத வேண்டும் என்று சீட்டு விழுந்தது. ஸ்பெயின் போலந்தை இரு ஆட்டங்களிலும் வென்று வந்திருந்தது. தி ஸ்தெஃபானோ போன்ற பேராட்டக்காரர் அதன் அணியில் இருந்தனர். ஆனால் 1936 முதல் 1939 வரை நடந்த ஸ்பானிய உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவின் எதிரிகளுக்கு ஆயுதம் அனுப்பிய நாடு சோவியத் ஒன்றியம். அந்தப் பகையை மறவாத ஃபிராங்கோவின் அரசு அணியை மாஸ்கோவுக்கு அனுப்ப மறுத்தது. ஸ்பெயின் விலகியது, சோவியத் ஒன்றியம் பந்தைத் தொடாமலே இறுதிக் கட்டத்தை அடைந்து, பாரிசில் யூகோஸ்லாவியாவை 2-1 என்று வென்று, முதற்கோப்பையைக் கொண்டு சென்றது. நான்கு ஆண்டுகள் கழித்து ஃபிராங்கோ மனம் மாறினார். 1964 இறுதி ஆட்டம் மாட்ரிடில், அவர் கண்முன்னே, அதே சோவியத் அணியோடு நடந்தது. ஸ்பெயின் வென்றது. அதே போட்டியில் கிரீசுக்கு அல்பேனியா எதிரியாக வாய்த்தது. 1940-இல் அவ்விரு நாடுகளுக்கிடையே ஏற்பட்ட போர்நிலை சட்டப்படி முடிவுறாத காலம் அது. கிரீஸ் ஆட மறுத்து விலகிக்கொண்டது.

தோற்றவர் விலகும் முறையில் சிறியவர்க்கு ஒரு நன்மை உண்டு. இரண்டு நாட்கள் நன்றாக ஆடினால் போதும், மலையையும் புரட்டிவிடலாம். லக்ஸம்பர்க் என்பது மூன்று லட்சத்துச் சொச்சம் மக்களே அப்போது வாழ்ந்த ஒரு சிறு நாடு. 1964 போட்டியின் முதற்சுற்றில் திருவுளச்சீட்டின் தயவால் அதற்கு ஆடாமலே முன்னேறும் சலுகை கிடைத்தது. அடுத்து வந்த எதிரி நெதர்லாந்து. இரண்டு ஆட்டங்களையும் நெதர்லாந்திலேயே ஆட லக்ஸம்பர்க் ஒப்புக்கொண்டது. ஆம்ஸ்டர்டாமில் 1-1. 1963 அக்டோபர் 30-இல் ராட்டர்டாமில் லக்ஸம்பர்க் 2-1 என்று வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் கமில் திம்மர். பிறகு டென்மார்க்கோடு 3-3, 2-2 என இரண்டு ஆட்டங்கள் முடிவின்றிப் போயின. மூன்றாவது ஆட்டத்தில் ஒரே கோலில் லக்ஸம்பர்க் தோற்றது. டென்மார்க் அடித்த ஆறு கோல்களையும் ஓலே மாட்சன் என்ற ஒருவரே அடித்தார். அந்த ஒரு மனிதர் இல்லையானால் ஐரோப்பாவின் கடைசி நால்வரில் லக்ஸம்பர்க் ஒன்றாக நின்றிருக்கும்.

ஆயினும் பெரிய நாடுகள் இந்த முறையை விரும்பவில்லை. அதில் நியாயமும் இருந்தது. ஒரு நாள் மழையாலோ ஒரு வீரரின் காய்ச்சலாலோ நான்கு ஆண்டுப் பயிற்சி வீணாவது சரியன்று. 1968 போட்டிக்கு 31 நாடுகள் பெயர் கொடுத்தன. அவற்றை எட்டுப் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் மற்ற எல்லாரோடும் இருமுறை ஆட வேண்டும், அதிகப் புள்ளி பெற்றவர் மேலே செல்ல வேண்டும் என்று விதித்தனர். இந்த லீக் முறையில் ஒரு தோல்வியைப் பின்னால் ஈடுசெய்துகொள்ளலாம். 1967-இல் உலகக் கோப்பை வீரர்களான இங்கிலாந்தை அவர்களுடைய வெம்பிளி மைதானத்திலேயே ஸ்காட்லாந்து 3-2 என்று வீழ்த்தியது. எனினும் பிரிவின் முடிவில் இங்கிலாந்து 9 புள்ளி, ஸ்காட்லாந்து 8 புள்ளி. வென்ற நாளைக் கொண்டாடியவர் ஸ்காட்லாந்தியர்; கால் இறுதிக்குச் சென்றவர் இங்கிலாந்தியர்.

பெரியவர்க்குப் பாதுகாப்பாக அமைந்த இதே முறை முதல் வாய்ப்பிலேயே ஒரு பெரியவரைப் பலி வாங்கியதைச் சொல்லாமல் விட முடியாது. மேற்கு ஜெர்மனி இப்போட்டியில் முதன்முதலாகச் சேர்ந்தது அந்த முறைதான். அதன் பிரிவில் இருந்தவை மூன்றே நாடுகள். அல்பேனியாவைத் தன் மண்ணில் 6-0 என்று அது தோற்கடித்திருந்தது. 1967 டிசம்பர் 17-இல் டிரானா நகரில் அதே அல்பேனியாவை ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றாலும் போதும், கோல் கணக்கில் யூகோஸ்லாவியாவை முந்திவிடும். 90 நிமிடம் ஆடியும் ஒரு கோல்கூட விழவில்லை. 0-0. ஏற்கெனவே வாய்ப்பிழந்த, பெறுவதற்கு ஒன்றுமில்லாத அணி, உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை சென்ற அணியை வெளியே நிறுத்தியது. அதற்குப் பின் நடந்த எந்தப் போட்டிக்கும் ஜெர்மனி தகுதி பெறத் தவறியதில்லை.

லீக் முறையில் வேறொரு சிக்கல் உண்டு. புள்ளிகள் சமமானால் என்ன செய்வது? கோல்களை எண்ண வேண்டும். எண்ணத் தொடங்கினால் விளையாட்டு கணக்குப் பாடமாகிவிடும். 1984 போட்டிக்கான ஒரு பிரிவில் நெதர்லாந்து தன் ஆட்டங்களை முடித்துக்கொண்டு காத்திருந்தது. ஸ்பெயினுக்கு எஞ்சியிருந்தது மால்ட்டாவோடு ஒரே ஆட்டம். வெறுமனே வென்றால் போதாது; 11 கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். 1983 டிசம்பர் 21-இல் செவில் நகரில் ஆட்டம் தொடங்கியது. இடைவேளையின்போது கணக்கு 3-1. நெதர்லாந்தியர் நிம்மதியாக இருந்திருப்பர். இரண்டாவது பாதியில் ஸ்பெயின் 9 கோல்கள் அடித்தது! 12-1. இரு நாடுகளுக்கும் 13 புள்ளி. இரண்டுக்கும் கோல் வித்தியாசம் 16. அடித்த மொத்தக் கோல்கள் மட்டும் ஸ்பெயினுக்கு 24, நெதர்லாந்துக்கு 22. ஸ்பெயின் பிரான்சுக்குச் சென்று இறுதி ஆட்டம் வரை முன்னேறியது. இதனால் மால்ட்டா அணியைப் பற்றி எழுந்த பேச்சுகள் பல. அவற்றை இங்கே கிளற எனக்கு விருப்பமில்லை. ஒரு நாடு எல்லா ஆட்டங்களையும் முடித்துக் கையைக் கட்டி நிற்க, எத்தனை கோல் வேண்டும் என்று தெரிந்துகொண்டே மற்றொன்று களம் இறங்கிய ஏற்பாடுதான் குறையுடையது. இன்று ஒரு பிரிவின் கடைசி நாள் ஆட்டங்கள் ஒரே வேளையில் தொடங்கப்படுகின்றன. புள்ளி சமமானால், சமமான அணிகள் தம்முள் ஆடிய ஆட்டங்களையே முதலில் நோக்குகின்றனர். பலவீனமான மூன்றாமவர் மேல் கோல்களைக் குவித்துத் தப்பும் வழி பெரிதும் அடைபட்டது.

தகுதிச் சுற்றில் தோற்றவர் கோப்பையையே வென்ற கதையும் உண்டு. 1992 போட்டிக்கான பிரிவில் யூகோஸ்லாவியாவுக்கு 14 புள்ளி, டென்மார்க்குக்கு 13. முதலிடம் பெற்ற யூகோஸ்லாவியா தகுதி பெற்றது. அதற்குள் அந்த நாடே உடையத் தொடங்கிப் போர் மூண்டது. 1992 மே 30-இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம் தடைகளை விதித்தது. ஏற்கெனவே ஸ்வீடனுக்கு வந்து சேர்ந்திருந்த அணி திருப்பி அனுப்பப்பட்டது. பத்து நாட்களே இருக்கையில் டென்மார்க்குக்கு அழைப்புப் போயிற்று. அதன் பயிற்சியாளர் மோலர் நீல்சன் அந்த நாட்களில் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கத் திட்டமிட்டிருந்தார் என்பர். ஜூன் 26-இல் கோத்தன்பர்க்கில் ஜெர்மனியை 2-0 என்று வென்று டென்மார்க் கோப்பையைப் பெற்றது. யூகோஸ்லாவிய ஆட்டக்காரர்கள் களத்தில் செய்த பிழை ஒன்றுமில்லை. அவர்கள் வென்ற 14 புள்ளிகள் புத்தகத்தில் இன்றும் அப்படியே இருக்கின்றன.

அதன் பின் ஐரோப்பாவின் தேசப்படம் மாறியது. பெயர் கொடுப்போர் தொகையும் மாறியது. 1992-இல் 34 நாடுகள், 1996-இல் 48. இறுதிக் கட்டத்துக்கு உரியவரும் 4 என்பதிலிருந்து 1980-இல் 8 ஆகி, 1996-இல் 16 ஆகி, 2016-இல் 24 ஆயினர். வாயில் அகன்றது. ஆனால் பழைய பகைகள் அகலவில்லை. 2007-இல் ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் எங்கே ஆடுவது என்று உடன்படாமையால் அவற்றின் இரு ஆட்டங்களும் நீக்கப்பட்டன, எவர்க்கும் புள்ளியில்லை. இப்போதெல்லாம் சீட்டுக் குலுக்கும் முன்பே ஸ்பெயினும் ஜிப்ரால்ட்டரும், செர்பியாவும் கொசோவோவும் ஒரே பிரிவில் விழாதபடி பார்த்துக்கொள்கின்றனர். உக்ரைன் மீது படையெடுத்த ருஷ்யா 2022 பிப்ரவரியில் விலக்கப்பட்டது. 2024 போட்டிக்கான சீட்டுக் குலுக்கலில் அதன் பெயரே இல்லை.

இந்த 2024 போட்டியின் முறையைச் சற்று விளக்க வேண்டும். போட்டியை நடத்திய ஜெர்மனிக்கு ஓர் இடம். எஞ்சிய 53 நாடுகள் 10 பிரிவுகள். பிரிவுக்கு இருவராக 20 இடங்கள். மீதி 3 இடங்களுக்கு வேறொரு வழி வைத்தனர். 2018-இல் தொடங்கிய ‘நாடுகளின் லீக்’ என்னும் போட்டியில் நாடுகள் வலிமைக்கு ஏற்ப அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டுத் தம் நிகரானவரோடு ஆடுகின்றன. அந்தந்த அடுக்கில் சிறந்து நின்றும் பிரிவில் இடம் பெறாதவர்க்கு மற்றுமொரு வாய்ப்பு. இதற்குத் தனி ஆட்டங்கள் உண்டு.

இந்தப் பக்கவாயில் நியாயமா? ஒரு பிரிவைப் பாருங்கள். ஸ்பெயின் 21 புள்ளி, ஸ்காட்லாந்து 17, நார்வே 11, ஜார்ஜியா 8, சைப்ரஸ் 0. ஸ்பெயினும் ஸ்காட்லாந்தும் ஜெர்மனிக்குச் சென்றன. மூன்றாவதாக நின்ற நார்வே வீட்டிலிருந்தது. நான்காவதாக நின்ற ஜார்ஜியாவோ, தன் தலைநகரான டிபிலிசியிலேயே ஸ்பெயினிடம் 1-7 என்று தோற்ற ஜார்ஜியாவோ, பக்கவாயில் வழியாக உள்ளே சென்றது. நார்வேக்காரர் முணுமுணுத்தால் அவர்களைக் குறை கூறேன். ஆயினும் என் கட்சி ஜார்ஜியாவின் கட்சியே. பெரியவரோடு மட்டும் ஆடித் தோற்றுக்கொண்டே இருந்தால் சிறியவர் எக்காலத்தும் வளரார். நிகரானவரோடு ஆடி வென்றதற்கும் ஒரு மதிப்பு இருக்க வேண்டும். ஜார்ஜியா தன் அடுக்கில், பல்கேரியாவும் வடக்கு மாசிடோனியாவும் இருந்த பிரிவில், முதலிடம் பெற்றே அந்த உரிமையைச் சம்பாதித்தது.

2024 மார்ச்சில் டிபிலிசியில் ஜார்ஜியா முதலில் 2-0 என்று வென்ற எதிரி எது தெரியுமா? அன்று நெதர்லாந்தை வீழ்த்திய அதே லக்ஸம்பர்க்! மார்ச் 26-இல் அடுத்த எதிரி, 2004-இல் கோப்பையை வென்ற கிரீஸ். கூடுதல் நேரம் ஆடியும் கோல் இல்லை. பெனால்டி உதைகளில் ஜார்ஜியா 4-2 என்று வென்றது. கடைசி உதையை உதைத்தவர் நிக்கா க்வெக்வெஸ்கிரி. 1960-இல் பாரிசில் முதற்கோப்பையை வென்ற சோவியத் அணியில் மிகெயில் மெஸ்கி, கிவி சொகேலி முதலிய ஜார்ஜியர் ஆடினர். டிபிலிசியில் மெஸ்கியின் பெயரால் ஒரு மைதானமும் இருக்கிறது. தன் சொந்தக் கொடியின்கீழ் ஜார்ஜியா இறுதிக் கட்டத்தில் ஆடியது 2024-இல்தான். ஜூன் 26-இல் கெல்சன்கிர்ஹனில் அது போர்ச்சுகலை 2-0 என்று வென்றது. முதற்கோல் இரண்டாவது நிமிடத்திலேயே விழுந்தது.