கோரல் ஆலை வேலைநிறுத்தமும் (1908) வ.உ.சி.யின் அமைப்புத்திறனும்: நெருக்கடிக்காலத் தலைமை குறித்த ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

தூத்துக்குடி கோரல் நூற்பாலையின் தொழிலாளர் 1908 பிப்ரவரி இறுதியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தை வ.உ.சிதம்பரனார் நடத்திய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. அதே தலைவர் உருவாக்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் முடிவோடு அதனை ஒப்பிட்டு, தலைவர் இல்லாத நாளில் எது நின்றது, எது சாய்ந்தது என்னும் வினாவை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: வ.உ.சி., கோரல் ஆலை, வேலைநிறுத்தம், சுதேசிக் கப்பல் கம்பெனி, தலைமை

முன்னுரை

வ.உ.சி. பற்றிய எழுத்துகளில் கப்பலும் செக்கும் பெற்ற இடத்தை ஆலைத் தொழிலாளர் பெற்றதில்லை. தியாகத்தின் உருவமாக அவரைக் காணும் மரபு, அவருடைய அன்றாட நிர்வாகத் திறனைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. கணக்குப் பார்த்தும் ஆள் சேர்த்தும் எதிர்த்தரப்போடு பேசியும் காரியம் முடித்த அந்த வழக்கறிஞரைக் காண, கோரல் ஆலை நிகழ்வே ஏற்ற களம். அகவற்பாவில் அவர் இயற்றிய சுயசரிதையிலும் இவ்வேலைநிறுத்தம் இடம்பெறுகிறது.

வேலைநிறுத்தம் நடந்த முறை

ஹார்வி நிறுவனத்தாரின் நிர்வாகத்தில் இருந்த அந்த ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைத்தனர். குறைந்த கூலி, நீண்ட வேலைநேரம், வார விடுமுறையின்மை ஆகியவை அவர்களுடைய குறைகள். பிப்ரவரி 23 அன்று வ.உ.சி. தொழிலாளர் நிலை குறித்துப் பேசினார். 27ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. இடையில் கிடைத்தவை நான்கு நாள்களே. அக்காலத்தில் அவ்வாலையில் தொழிற்சங்கம் என எதுவும் இல்லை. ஆகவே அமைப்பும் போராட்டமும் ஒருங்கே உருவாக வேண்டியிருந்தது.

முதற்கண் கோரிக்கைகளைக் கவனிக்க வேண்டும். கூலி உயர்வு, வேலைநேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை என அவை எண்ணிச் சொல்லத்தக்கனவாகவும் நிர்வாகம் ஏற்கக்கூடியனவாகவும் இருந்தன. சுயராச்சியம் பேசிய மேடையிலேயே இக்கோரிக்கைகளும் எழுந்தன எனினும், ஆலை முதலாளியிடம் சுயராச்சியம் கேட்கப்படவில்லை. இவ்வரையறையே பின்னர் உடன்பாட்டுக்கு வழிவிட்டது எனலாம்.

அடுத்தது சோறு. கூலி நின்ற குடும்பங்கள் ஒரு வாரம் தாங்குவதே அரிது. வேலைநிறுத்தம் உடைவது பெரும்பாலும் அடுப்படியில்தான், ஆலைவாயிலில் அன்று. வ.உ.சி.யும் அவரோடு நின்ற சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகியோரும் பேச்சோடு நின்றுவிடவில்லை. நகரத்து வழக்கறிஞர்களிடமும் வணிகர்களிடமும் நிதி திரட்டப்பட்டது; தொழிலாளருள் சிலருக்கு மாற்றுவேலை தேடித் தரப்பட்டது. இதனால் ஆலைக்குள் எழுந்த பூசல் நகரத்தின் பூசலாயிற்று. சுதேசியத்தை எதிர்த்துப் பேசிய வழக்கறிஞர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், பாதியிலேயே கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்து போன செய்தி இன்றும் நகைச்சுவையாகச் சொல்லப்படுகிறது. நகைப்பை ஒதுக்கிப் பார்த்தால், எந்தக் குழுவிலும் உறுப்பினர் அல்லாத ஒருவர் தாமே முடிவெடுத்துச் செயற்பட்டார் என்பது அதில் புலப்படும்.

அதிகாரிகள் தடையாணை பிறப்பித்தனர்; கூடுதல் போலீசார் வரவழைக்கப்பட்டனர். கலவரம் ஒன்று மூண்டிருந்தால் அரசுக்கு அதுவே போதிய காரணமாகியிருக்கும். அத்தகைய வாய்ப்பை இப்போராட்டம் அளிக்கவில்லை. 9 நாள்களுக்குப்பின் நிர்வாகம் இறங்கிவந்தது. தொழிலாளர் பிரதிநிதிகளும் உடன் சென்றே உடன்பாடு பேசப்பட்டது. கோரிக்கைகள் ஏற்கப்பட்டவுடன் வேலைநிறுத்தம் முடிக்கப்பட்டது. வெற்றியின் வேகத்தில் புதிய கோரிக்கைகளைச் சேர்த்து அதனை நீட்டிக்காதது குறிப்பிடத்தக்கது.

தலைவர் இல்லாத நாள்கள்

ஆலையில் காட்டிய இந்நிதானம் அரசியலில் நீடிக்கவில்லை. மார்ச்சு 9 அன்று, விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடத் தடையை மீறி ஊர்வலம் நடத்தப்பட்டது. 12ஆம் நாள் வ.உ.சி.யும் சிவாவும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சி மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஆலை வெற்றி பெற்ற சில நாள்களிலேயே, தொழிலாளரும் கப்பல் கம்பெனியும் தம்மை நம்பியிருந்த வேளையில், இம்மீறல் வேண்டியிருந்ததா? வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் இவ்வினாவை எழுப்புவதில்லை. பணிந்திருந்தால் அவர் தலைவராக நீடித்திருக்க முடியாது என்பது ஒரு விடை. ஆயினும் அதன் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை.

கைதுச் செய்தி பரவியதும் கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை கூலிக்காக அன்று. வழிநடத்தியவர்கள் சிறையில் இருந்தபோதே இது நிகழ்ந்தது. திலகருக்குத் தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்துப் பம்பாய் ஆலைத் தொழிலாளர் நடத்திய புகழ்பெற்ற ஆறுநாள் வேலைநிறுத்தம் அவ்வாண்டு சூலையில்தான் நடந்தது. தூத்துக்குடி அதற்கு நான்கு மாதம் முந்தியது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் இக்காலவரிசை இன்னும் உரிய அழுத்தம் பெறவில்லை.

கப்பல் கம்பெனியின் கதை வேறு. 1906 அக்டோபர் 16 அன்று பதிவான அந்நிறுவனத்தின் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக 10 இலட்சம் ரூபாய் என வகுக்கப்பட்டது. பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி.யின் பதவியோ உதவிச் செயலாளர்தான். பங்கு விற்பதும், பம்பாய் சென்று கப்பலுக்கு வழிசெய்வதும், எதிர்க்கம்பெனியின் கட்டணப் போரை எதிர்கொள்வதும் அவர்மேலேயே விழுந்தன. அவர் அகற்றப்பட்டதும் ஏனையோரால் அதனைத் தாங்க இயலவில்லை. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் போட்டியாளர் கைக்கே போயின.

இவ்வொப்பீட்டை மிகைப்படுத்தலாகாது. கட்டணப் போரும் அரசின் பகைமையும் எந்தப் புதிய கம்பெனியையும் சாய்க்கவல்லவை. வேலைநிறுத்தத்திற்கோ மூலதனம் தேவையில்லை. எனினும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. ஆலையில் வ.உ.சி. பிறரைச் செய்யவைத்தார், கம்பெனியில் பெரும்பாலானவற்றைத் தாமே செய்தார். அவருடைய அரசியல் கம்பெனிக்கு ஊறு என்று இயக்குநர்கள் அஞ்சத் தொடங்கிய பின்னரும், அவர் விட்டுச்செல்லும் இடத்தை நிரப்ப ஒருவரும் உருவாக்கப்படவில்லை.

1912 டிசம்பரில் விடுதலையானபோது அவருக்குக் கம்பெனியும் இல்லை, வழக்கறிஞர் தொழிலும் இல்லை. பின்னாளில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வாழ்ந்த காலத்தில் அவர் மீண்டும் தொழிலாளர் இயக்கப் பணிகளில் ஈடுபட்டார். கப்பல் தொழிலுக்கு அவர் திரும்பவில்லை.